எல்லோரும் படிப்பது, யாரும் திருத்தாதது

ஒரு மென்பொருள் திட்டத்தில் அதிகம் பேர் படிக்கும் கோப்பு எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், முகப்புப் பக்கம்தான். மிகக் குறைவாகத் திருத்தப்படும் கோப்பு எது என்று கேட்டாலும் பெரும்பாலும் அதுவேதான். நிரலில் ஒரு வரி மாறினால் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும், டெஸ்ட் ஓட வேண்டும். முகப்பு மட்டும் முதல் பதிப்பு வெளியான அன்று அவசரமாக எழுதப்பட்ட நிலையிலேயே இருக்கும். அப்புறம் அவ்வப்போது யாராவது வந்து ஒரு வரி சேர்ப்பார்கள், ஒரு லிங்க் ஒட்டுவார்கள். இருப்பதை எடுக்கத்தான் ஆள் இருக்காது.

நான் ஓய்வு நேரத்தில் பங்களிக்கும் திறமூலத் திட்டத்திலும் இதே கதைதான். கோப்புகளைக் காப்பு (பேக்கப்) எடுத்துவைக்கும் கட்டளை வரிக் கருவி அது, அதாவது பொத்தான்களை அழுத்தாமல் கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டுவது. பெரிய பெயரெல்லாம் இல்லை, ஆனால் பிடித்தவர்கள் விடாமல் பயன்படுத்துகிறார்கள். அதன் முகப்பிலுள்ள வாசகங்களையும் லிங்குகளையும் சீர்செய்யும் வேலையைக் கொஞ்ச காலமாக நான் பார்த்துவருகிறேன். "என்ன, நிரல் எழுதுறதை விட்டுட்டீங்களா?" என்று கூட இருப்பவர்களே கேட்டதுண்டு. எனக்கென்னவோ இது நிரலைவிடச் சிரமமான வேலையாகப் படுகிறது. நிரல் தப்பானால் பிழைச் செய்தி வரும், யாராவது புகார் எழுதுவார்கள். முகப்பு புரியாமல் திரும்பிப் போனவர் ஒருபோதும் புகார் எழுதுவதில்லை.

முதல் வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: "அடுத்த தலைமுறைக்கான வேகமான, இலகுவான, நவீனத் தரவுப் பாதுகாப்புத் தீர்வு." படித்தால் குறையொன்றும் தெரியாது. ஆனால் இதைப் படித்துவிட்டு அது வைரஸ் எதிர்ப்பு மென்பொருளா, கடவுச்சொல் பெட்டகமா, மாதச் சந்தா கேட்கும் சேவையா என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. கட்டளை வரியில் ஓடும் என்பது இல்லை. காப்பு எடுக்கும் என்பதுகூட இல்லை. இருப்பதெல்லாம் பெயரடைகள்.

இதைச் சோதிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அடைமொழிக்கும் எதிர்ச்சொல்லைப் போட்டுப் பார்ப்பேன். "மெதுவான, கனமான, பழம்பாணி" என்று எந்தத் திட்டமாவது தன்னைச் சொல்லிக்கொள்ளுமா? சொல்லாது என்றால், அதன் எதிர்ச்சொல்லும் எதையும் சொல்லவில்லை என்றே அர்த்தம். "கட்டளை வரிக் கருவி" என்பதற்கு எதிராக "ஜன்னல் வைத்த செயலி" என்று இன்னொரு திட்டம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளும். ஆகவே அது தகவல், இருக்கட்டும். "குறியாக்கம் செய்து சேமிக்கும்" (மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றிச் சேமிக்கும்), "மாறிய பகுதிகளை மட்டும் சேமிக்கும்" இரண்டும் தகவல். இப்படிச் சலித்துச் சலித்துக் கடைசியில் வந்து நின்றது இது: "உங்கள் கோப்புறைகளைக் குறியாக்கம் செய்து, மாறிய பகுதிகளை மட்டும் வேறொரு வட்டிலோ சர்வரிலோ சேமித்துவைக்கும் கட்டளை வரிக் கருவி. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும்." அழகில் பழைய வாக்கியம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் இதைப் படித்தவர் இது தனக்கானதா இல்லையா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடலாம். இல்லை என்று முடிவு செய்து போனாலும் அவருக்கு நேரம் மிச்சம், எங்களுக்கும் ஒரு தேவையற்ற கேள்வி மிச்சம்.

பழைய, நிலைத்த திட்டங்களின் முகப்புகளைப் பார்த்தால் இந்த ஒழுக்கம் தெரியும். கர்ல் தன்னை யூஆர்எல்களை, அதாவது இணைய முகவரிகளைக் கொண்டு தரவைக் கடத்தும் கட்டளை வரிக் கருவியும் நூலகமும் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) என்று சொல்லிக்கொள்கிறது. 1998லிருந்து இருக்கும் திட்டம், எண்ணிலடங்காத கருவிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் நிரல், ஆனாலும் முதல் வரியில் ஆரவாரம் கிடையாது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தின் முதல் வரியில் "சிறிய, வேகமான" என்ற அடைமொழிகள் உண்டு. அவற்றுக்கும் முன்னால் அது ஒரு சி மொழி நூலகம் என்ற செய்தி வந்துவிடுகிறது. தரவுத்தளம் என்றாலே தனியாக ஓடும் ஒரு சர்வர் என்று நினைத்து வருபவருக்கு, அந்த ஒற்றைச் சொல் பாதி விளக்கத்தைத் தந்துவிடும்.

ரஸ்ட் என்ற நிரலாக்க மொழியின் கதை கொஞ்சம் வேறு. முன்பு அதன் முகப்பில், இது ஒரு சிஸ்டம்ஸ் நிரலாக்க மொழி, அதிவேகமாக ஓடும், செக்ஃபால்ட் (நினைவகத்தைத் தப்பாகத் தொட்டு நிரல் சட்டென்று நின்றுபோவது) வராமல் தடுக்கும், த்ரெட் பாதுகாப்பை (ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகள் ஒன்றையொன்று குலைக்காமல் இருப்பதை) உறுதி செய்யும் என்று இருந்தது. 2018 டிசம்பரில் தளத்தைப் புதுப்பித்தபோது, நம்பகமான, திறன்மிக்க மென்பொருளை எல்லோரும் உருவாக்க ஆற்றல் தரும் மொழி என்ற பொருளில் மாற்றினார்கள். பழைய முகப்பில் இருந்த நிரல் மாதிரியும் போய்விட்டது. அப்போது கடும் விவாதம் நடந்தது. மாற்றியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: செக்ஃபால்ட் என்றால் என்னவென்றே தெரியாதவர்களையும் அவர்கள் அழைக்க விரும்பினார்கள். இருந்தாலும் என் ஓட்டு பழைய வரிக்குத்தான். "நம்பகமான, திறன்மிக்க" என்று எந்த மொழியும் சொல்லிக்கொள்ளலாம். "செக்ஃபால்ட் வராது" என்று சொல்ல எல்லோருக்கும் துணிச்சல் வராது.

இதெல்லாம் வெறும் ரசனை என்று நினைப்பவர்களுக்காக ஒரு பழைய ஆய்வு. 1997ல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனும் குழுவினரும், இணையத்தில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று சோதித்தார்கள். 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்களே தவிரச் சொல் சொல்லாகப் படிக்கவில்லை. அதே குழு ஒரே தளத்தின் உள்ளடக்கத்தைப் பலவிதமாக எழுதி ஒப்பிட்டது. விளம்பர நடையில் இருந்ததோடு ஒப்பிட, சொற்களைப் பாதியாகக் குறைத்த வடிவம் பயன்பாட்டு அளவில் 58 சதவீதம் மேலே போனது. நீளத்தைக் குறைக்காமல் பீற்றலை மட்டும் எடுத்துவிட்டு நடுநிலையாக எழுதியதற்கே 27 சதவீதம் கிடைத்தது. சுருக்கம், மேய்வதற்கு ஏற்ற அமைப்பு, நடுநிலை மூன்றும் சேர்ந்தபோது 124 சதவீதம். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, திரைகள் மாறிவிட்டன. மேய்வது மட்டும் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு சொல்லையும் பார்த்த இடத்திலெல்லாம் எடுத்தேன்: "எளிதாக". "எளிதாக நிறுவலாம்", "ஒரே கட்டளையில் எளிதாக மீட்கலாம்." வேலை எளிதாக இருந்தால் அந்தச் சொல் தேவையில்லை. சிக்கிக்கொண்டவர் கண்ணில் பட்டால், எளிய விஷயம்கூட உனக்கு வரவில்லையே என்று அது குத்திக்காட்டும்.

சரி, லிங்குகளுக்கு வருவோம்.

மேய்பவரின் கண் எங்கே நிற்கும்? நிறம் மாறிய இடத்தில். தலைப்புகள், அப்புறம் லிங்குகள். அதாவது பலர் நம் பக்கத்தில் படிக்கப்போவது லிங்கின் மேல் இருக்கும் சொற்களை மட்டுமே. அந்த இடத்தில் "இங்கே சொடுக்கவும்" என்று எழுதி வைத்தால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இப்படி எழுதாதீர்கள் என்று இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001லேயே ஒரு குறிப்பு வெளியிட்டது. இன்னும் எத்தனை பக்கங்களில் இருக்கிறது என்று பாருங்கள்.

பார்வையற்ற பயனர்களுக்கு இது இன்னும் நேரடியான பிரச்சினை. என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களில், பக்கத்திலுள்ள லிங்குகளை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்துக் கேட்கும் வசதி உண்டு. முழுப் பக்கத்தையும் கேட்டு முடிக்கும் பொறுமை யாருக்கு இருக்கும்? எங்கள் பக்கத்தில் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். "இங்கே", "இங்கே", "மேலும்", "இந்தப் பக்கம்", "இங்கே" என்று ஓடியது. இணைய அணுகல்தன்மை நெறிகளின் 2.0 பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. லிங்கின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ, சுற்றியுள்ள வாக்கியத்தோடு சேர்த்தோ புரிய வேண்டும் என்பதை அது அடிப்படையான ஏ நிலையிலேயே வைத்திருக்கிறது. லிங்கின் சொற்கள் மட்டுமே போதுமானதாக இருக்க வேண்டும் என்பது உச்சமான மூன்று ஏ நிலை. முகப்புப் பக்கம் என்றால் அந்த உச்ச நிலையையே குறிவைக்கலாம் என்பது என் கருத்து. அங்கே இருப்பதே கொஞ்சம் லிங்குகள்தான், செய்ய முடியாத வேலை இல்லை.

"இங்கே" என்பதை ஒழிப்பது சுலபம், தேடிப்பிடித்துவிடலாம். இதைவிடப் பெரிய குழப்பம் மேல் பட்டையில் இருந்தது. "ஆவணங்கள்", "கையேடு", "விக்கி", "தொடங்குவது எப்படி" என்று நான்கு லிங்குகள் அருகருகே. திட்டத்தில் வெகுநாள் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். கையேடு என்பது கட்டளைகளின் முழு விவரம், விக்கி என்பது பயனர்கள் எழுதியது, ஆவணங்கள் என்பது இவை எல்லாவற்றுக்குமான நுழைவாயில். புதிதாக வருபவருக்கு நான்கும் ஒன்றுதான். அவர் முதலில் இருப்பதைத் திறப்பார், இல்லையென்றால் எதையும் திறக்கமாட்டார்.

நாங்கள் எங்கள் பக்கங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களை விட்டுவிட்டு, வருபவர் என்ன வேலையாக வருகிறார் என்பதை எழுதலாம் என்றேன். "முதல் காப்பு எடுப்பது", "எல்லாக் கட்டளைகளும்" என்று. அப்படிப் பட்டியலிடும்போதுதான் ஒன்று உறைத்தது. முகப்பில் காப்பு எடுப்பதைப் பற்றி ஐந்தாறு இடங்களில் பேசியிருந்தோம், எடுத்த காப்பிலிருந்து கோப்பை மீட்பதற்கு ஒரு லிங்க்கூட இல்லை. காப்புக் கருவியின் முகப்புக்கு நிதானமாக வருபவர் ஒருவர், பதற்றத்தோடு வருபவர் இன்னொருவர். வட்டு செத்துப்போய், இரவல் மடிக்கணினியில், கட்டளை எதுவும் நினைவில்லாமல், தேடுபொறியில் திட்டத்தின் பெயரை மட்டும் அடித்து வருவார் இரண்டாமவர். அவருக்கு எங்கள் அடைமொழிகளும் வேண்டாம், அம்சப் பட்டியலும் வேண்டாம். "தொலைந்த கோப்பை மீட்பது" என்று ஒரு லிங்க் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். இப்போது அது முதல் திரையிலேயே இருக்கிறது. நான் செய்த மாற்றங்களில் உருப்படியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், நிரல் மாற்றங்களையும் சேர்த்து.

லிங்கின் பெயரும் போய்ச்சேரும் பக்கத்தின் தலைப்பும் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "தொலைந்த கோப்பை மீட்பது" என்பதை அழுத்திப் போனால் "ரெஸ்டோர் துணைக்கட்டளைக்கான குறிப்புகள்" என்ற தலைப்பு எதிர்கொண்டால், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று அந்தப் பதற்றக்காரர் பின்னால் போய்விடுவார். முகப்பின் சொல்லை மாற்றினால் மறுமுனையையும் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். வாசகத்தைத் திருத்துவது ஒருவர் வேலை, லிங்கைச் சரிபார்ப்பது இன்னொருவர் வேலை என்று பிரித்துக்கொள்ளும் திட்டங்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன.

லிங்குகள் செத்துப்போவதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பியூ ஆய்வு மையம் 2024ல் வெளியிட்ட கணக்குப்படி, 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை. மென்பொருள் உலகில் இது கும்பலாகவே நடக்கும். கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டபோது, அதைச் சுட்டிய லிங்குகள் எத்தனையோ பக்கங்களில் அநாதையாயின. 2021 மே மாதத்தில் ஃப்ரீநோட் அரட்டைச் சேவையின் பணியாளர்கள் விலகி லிபெரா சாட்டைத் தொடங்கியபோது, திட்டங்கள் கூட்டம் கூட்டமாக இடம் மாறின. அரட்டை அறை மாறிவிடும், முகப்பில் பழைய முகவரி இருக்கும், புதியவர் யாருமற்ற அறையில் உட்கார்ந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். டிஸ்கார்ட் அழைப்பு லிங்குகள் இன்னும் மோசம். நிரந்தரம் என்று தேர்ந்தெடுக்காவிட்டால் சில நாட்களிலேயே காலாவதியாகிவிடும். போட்டவருக்கு இது தெரியவே தெரியாது, அவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்.

இதற்கெல்லாம் கருவி உண்டு. லிச்சீ போன்ற ஒரு லிங்க் சோதிப்பானை வாரம் ஒருமுறை தானாக ஓட விட்டால் 404 (பக்கம் இல்லை என்ற பதில்) வருவதையெல்லாம் பிடித்துக் கொடுத்துவிடும். பிடிக்காதவைதான் சிக்கல். காலாவதியான டொமைனை (தளப் பெயரை) வேறு யாரோ வாங்கிச் சூதாட்டத் தளமாக்கியிருந்தால் சர்வர் சமர்த்தாக 200, அதாவது எல்லாம் சரி என்று பதில் சொல்லும், சோதிப்பானும் பச்சைக் குறி போட்டுவிடும். எங்கள் பக்கத்தின் அடியில் "நண்பர்கள்" என்றொரு பழைய பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, மொத்தமாக நீக்கச் சொன்னேன். யாரும் எதிர்க்கவில்லை, யாருக்கும் அது அங்கே இருந்ததே நினைவில்லை.

உயிரோடு இருந்தும் தப்பாகப் போகும் லிங்குகளும் உண்டு. ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத் தளத்தில் ஆவணங்களை வைத்திருக்கும் திட்டங்களுக்கு "லேட்டஸ்ட்", "ஸ்டேபிள்" என்று இரண்டு முகவரிகள் இருக்கும். பெயரைப் பார்த்தால் லேட்டஸ்ட்தான் நல்லது போலிருக்கும். ஆனால் அது வழக்கமாக, வெளியீட்டுக்கு இன்னும் வராத வளர்ச்சிக் கிளையிலிருந்து உருவாவது. முகப்பு அங்கே அனுப்பினால், தன் கணினியில் இல்லாத ஒரு விருப்பத்தைப் படித்துவிட்டு, ஓடவில்லையே என்று பயனர் தலையைப் பிய்த்துக்கொள்வார். முகப்பின் லிங்க் ஸ்டேபிளுக்குப் போக வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத் திட்டம் இதை நன்றாகக் கையாள்கிறது. அதன் ஆவணங்களில் "கரன்ட்" என்றொரு நிலையான முகவரி எப்போதும் தற்போதைய வெளியீட்டைக் காட்டும். ஆதரவு முடிந்த பழைய பதிப்பின் பக்கத்தில் வந்து விழுந்தால் மேலேயே எச்சரிக்கை இருக்கும். பதிவிறக்க லிங்கும் அப்படித்தான். பதிப்பு எண்ணை லிங்குக்குள் எழுதினால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் யாராவது நினைவாக மாற்ற வேண்டும். நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கடைசி வெளியீட்டுக்குத் தானாகப் போகும் முகவரி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த, மிகக் குறைவாகப் பேசப்படும் விஷயம். ஒரு பக்கத்துக்குள் குறிப்பிட்ட தலைப்புக்கு நேராகக் கொண்டுபோகும் லிங்குகள் இருக்கின்றனவே, முகவரியின் கடைசியில் ஹேஷ் குறி போட்டு ஒரு பெயர் வரும், அவற்றைச் சொல்கிறேன். பெரும்பாலான தளங்களில் அந்தப் பெயர் தலைப்பின் சொற்களிலிருந்தே தானாக உருவாகிறது. ஆகவே "நிறுவுதல்" என்ற தலைப்பை நல்லெண்ணத்தோடு "விண்டோஸில் நிறுவுவது" என்று மாற்றிய நொடியில் அந்தப் பழைய பெயர் காணாமல் போகிறது. சொல்லை மட்டும்தான் தொட்டோம் என்று நினைப்போம், உண்மையில் ஒரு முகவரியை அழித்திருப்போம்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த உடைசல் எங்கேயும் பதிவாவதில்லை. ஹேஷ் குறிக்குப் பின்னால் இருப்பதை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. அதனால் சர்வர் பதிவேட்டில் தடயம் இருக்காது, 404 வராது, சர்வரில் ரீடைரக்ட் (புது முகவரிக்குத் திருப்பிவிடும் கட்டளை) எழுதியும் சரிசெய்ய முடியாது. பெயர் கிடைக்காவிட்டால் உலாவி பக்கத்தின் உச்சியைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். நீளமான பக்கமென்றால் வந்தவர் எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்பார். வெளியே யாரோ எழுதிய கேள்வி-பதில்களில், வழிகாட்டிகளில் அந்த லிங்க் இருக்கும், அவற்றில் நம் கை போகாது. எங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கருவி காட்டும் பிழைச் செய்திகள் சிலவற்றிலேயே இப்படிப்பட்ட முகவரிகள் எழுதப்பட்டிருந்தன. ஏற்கெனவே வெளியாகி மக்கள் கணினிகளில் உட்கார்ந்திருக்கும் பதிப்புகளில் அவற்றை மாற்ற முடியாது. பிழை வந்து பயந்துபோனவரை, நாமே ஒரு பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய்த் தனியாக விட்டுவிட்டு வருவோம்.

தீர்வு சின்னதுதான். தலைப்பின் சொற்கள் என்னவாக இருந்தாலும், அதற்கென ஓர் அடையாளப் பெயரை நாமே கையால் வைத்துவிட வேண்டும். அப்புறம் தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் அது அசையாது. ஏற்கெனவே மாற்றியாகிவிட்டதென்றால், பழைய பெயரை அதே இடத்தில் ஒரு வெற்று அடையாளமாக விட்டுவைக்கலாம், இடம் அடைக்காது. லத்தீன் எழுத்தில் இல்லாத தலைப்புகளுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்ஃபிங்க்ஸ் போன்ற ஆவணம் உருவாக்கும் கருவிகள் அவற்றுக்குப் பெயர் உருவாக்கத் தெரியாமல் வரிசை எண்ணைக் கொடுத்துவிடும், இடையில் ஒரு தலைப்பைச் செருகினால் பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். லிச்சீயில் ஹேஷ் பெயர்களையும் சேர்த்துச் சோதிக்கும் விருப்பம் ஒன்று உண்டு, அதை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முழுப் பக்கத்தின் முகவரி மாறுவது இதைவிடப் பரவாயில்லை. அங்கே 301 என்ற நிரந்தர ரீடைரக்ட் கைகொடுக்கும். நல்ல முகவரி மாறாது என்ற கருத்தை டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே டபிள்யூ3சி தளத்தில் எழுதிவிட்டார். எழுதியவர் பெயர், கோப்பின் பின்னொட்டு, எந்த மென்பொருளால் ஓடுகிறது என்ற விவரம் ஆகியவற்றை முகவரிக்குள் வைக்காதீர்கள், நாளை மாறப்போவது அவைதான் என்பது அவர் வாதம். எங்கள் பழைய முகவரிகளில் இந்த மூன்றில் இரண்டு இருந்தன.

முகப்பு சொல்ல வேண்டிய இன்னொன்று, இதுதான் உண்மையான முகப்பு என்பது. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் புட்டி என்ற எஸ்எஸ்ஹெச் கருவியின் அதிகாரபூர்வப் பக்கம் நெடுங்காலமாக அதன் ஆசிரியரின் சொந்தப் பக்கமாக, நினைவில் நிற்காத ஒரு நீண்ட முகவரியில் இருந்தது. புட்டி டாட் ஆர்க் என்ற முகவரியோ அவர்களுடையது அல்ல, வேறொருவருடையது. ஆகவே எங்கள் முகப்பிலும் பதிவிறக்கத்துக்குப் பக்கத்திலேயே, அதிகாரபூர்வக் கோப்புகள் எங்கிருந்து மட்டும் கிடைக்கும், அவற்றின் டிஜிட்டல் கையொப்பத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று இரண்டு வரி சேர்த்தோம். சேர்த்தவற்றில் எனக்கு முழுச் சம்மதமானவை அவை. அடிக்குறிப்பில் பல வருடம் பழைய காப்புரிமை ஆண்டும், "சமீபத்திய செய்திகள்" என்ற தலைப்பின் கீழ் யாருக்கும் நினைவில்லாத ஓர் அறிவிப்பும் இருந்தன. இரண்டையும் எடுத்தோம். புதுப்பிக்க ஆளில்லாத செய்திப் பகுதி, திட்டமே நின்றுபோய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

எழுதுவதைவிட உள்ளே சேர்க்க வைப்பதுதான் பெரும்பாடு. அணு உலைத் திட்டத்துக்குச் சட்டென்று ஒப்புதல் கிடைத்துவிடும், சைக்கிள் கொட்டகை என்றால் எல்லோரும் கருத்துச் சொல்வார்கள் என்ற பழைய கதையை, 1999ல் போல்-ஹென்னிங் கேம்ப் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தினருக்கு எழுதிய ஒரு மடலில் எடுத்துச்சொன்னார். கொட்டகைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்ற சண்டைக்கு அதிலிருந்து "பைக்ஷெட்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. முகப்பின் முதல் வாக்கியம் அக்மார்க் சைக்கிள் கொட்டகை. குறியாக்க நிரலில் நான் செய்த மாற்றத்துக்கு வந்த கருத்துகளைவிட, "தீர்வு" என்ற சொல்லை "கருவி" என்று மாற்றியதற்கு வந்தவை அதிகம்.

அதனால் வேலையைப் பிரித்து அனுப்பப் பழகிக்கொண்டேன். உடைந்த லிங்குகள் தனியாக ஒரு கமிட் (ஒன்றாகப் பதிவாகும் மாற்றத் தொகுப்பு). அதில் வாக்குவாதம் இருக்காது, அன்றே சேர்ந்துவிடும். லிங்குகளின் பெயர்கள் தனி. வாக்கியங்கள் கடைசியில், ஒவ்வொன்றும் தனித்தனியாக. எல்லாவற்றையும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் கோரிக்கையில்) போட்டால், ஒரு பெயரடைக்கான சண்டையில் எல்லோருக்கும் சம்மதமான திருத்தங்களும் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளும். என் வாக்கியம் நல்ல வாக்கியம் என்று வாதிடுவதையும் நிறுத்திவிட்டேன். உதவிக் கோரிக்கைகளில் பயனர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை எடுத்து, இவற்றுக்கு முகப்பில் பதில் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் கேட்பேன். "இது கிளவுட் சேவையா?" என்று இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்றால், அப்புறம் யாரும் பழைய வாக்கியத்துக்கு முட்டுக்கொடுப்பதில்லை. அதை எழுதியவர் தவிர. அவரிடம் தனியாகப் பேசினேன், அது ஒரு மரியாதை. அவர் "இலகுவான" என்பதை மட்டும் விடமாட்டேன் என்றார். சரி, எவ்வளவு இலகு என்று நினைவகப் பயன்பாட்டை அளந்து காட்டும் பக்கத்துக்கு அந்தச் சொல்லிலிருந்தே லிங்க் கொடுக்கலாமா என்றேன். ஒப்புக்கொண்டார். எதிர்ச்சொல் சோதனையில் தோற்ற ஒரு சொல், சான்றோடு பக்கத்தில் இருக்கிறது. எனக்கும் அதில் புகார் இல்லை.

இன்னும் தீராமல் இருப்பது ஒன்று. இந்தக் கருவி யாருக்கு ஆகாது என்று முகப்பிலேயே ஒரு வரி வேண்டும் என்கிறேன். எஸ்க்யூலைட்டைப் பாருங்கள். தன்னை எங்கே பயன்படுத்தலாம், எங்கே சர்வர் வகைத் தரவுத்தளம்தான் சரி என்று ஒரு பக்கமே வைத்திருக்கிறார்கள். தங்கள் போட்டி அந்தப் பெரிய தரவுத்தளங்களோடு இல்லை, கோப்பைத் திறக்க உதவும் சி மொழியின் எஃப்ஓபன் செயற்கூறோடுதான் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கருவி முழு வட்டையும் அப்படியே நகலெடுத்து, செத்த கணினியை அதே நிலையில் எழுப்பித் தராது. அதை எதிர்பார்த்து நிறுவுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு உண்மை தெரியவருவது வட்டு போன பிறகு. ஆகவே "முழு வட்டின் நகல் வேண்டுமென்றால் இது அதற்கானதல்ல, இந்தக் கருவியைப் பாருங்கள்" என்று ஒரு வரியும் ஒரு லிங்கும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்தவர் கருவிக்கு நம் முகப்பிலிருந்தே வழி காட்டுவதா என்று ஒரு பராமரிப்பாளருக்குத் தயக்கம். கடைசியாக வந்த யோசனை, "பிற கருவிகள்" என்ற தலைப்பில் பக்கத்தின் அடியில் போட்டுவிடலாம் என்பது. வேண்டாம் என்று பதில் எழுதினேன். தப்பான கருவியை நிறுவப்போகிறவர் பக்கத்தின் அடிவரை உருட்டிப் பார்க்கமாட்டார், பதிவிறக்க லிங்கைக் கண்டதும் அழுத்திவிடுவார். அந்த வரி அதற்கு முன்னால் வர வேண்டும். புல் ரிக்வெஸ்ட் இன்னும் திறந்துதான் இருக்கிறது.